தவளையின் இதயம் பாதியில் நின்றுபோன இதயமா?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டதாகச் சொல்லி ஒரு அம்மா மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறார். மீனுக்கு இரண்டறை இதயம், தவளைக்கும் பாம்புக்கும் மூன்றறை, பறவைக்கும் நமக்கும் நான்கறை என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் தவளையின் இதயம் வளர்ச்சி பாதியில் நின்றுபோன இதயமா? நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் ஒரே அறையில் கலந்தால் அது எப்படி உயிர் வாழ்கிறது? ஊர்வனவற்றில் முதலைக்கு மட்டும் ஏன் நான்கு அறை?

விலங்கியல் சொல்லிக்கொடுப்பதிலேயே என் காலம் கழிந்தது. இந்த மூன்று கேள்விகளையும் வெவ்வேறு வாயிலிருந்து பல முறை கேட்டிருக்கிறேன். நானும் இரண்டு, மூன்று, நான்கு என்ற அதே வாய்ப்பாட்டை ஒப்பித்துத்தான் தேர்வு எழுதினேன். வாய்ப்பாட்டில் பிழை இல்லை. அதை ஒரு ஏணியாக நினைத்துக்கொண்டு, மீன் கீழ்ப்படியில் நிற்கிறது, நாம் மேல்படிக்கு ஏறிவிட்டோம் என்று முடிவு கட்டும்போதுதான் பிழை நுழைகிறது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அறைகளை எண்ணுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். இந்த விலங்கு எந்த உறுப்பால் மூச்சு விடுகிறது? ரத்தத்தை எவ்வளவு அழுத்தத்தில் தள்ள வேண்டியிருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் இதயத்தின் அமைப்பு தானாகவே விளங்கிவிடும்.

முதலில் சொற்கள். ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் மெல்லிய அறை ஆரிக்கிள், மேலறை என்கிறேன். வெளியே தள்ளும் தடித்த அறை வெண்ட்ரிக்கிள், கீழறை என்கிறேன். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்ற பேச்சை விட்டுவிடுவோம். ஆக்சிஜன் ஏறிய ரத்தம், ஆக்சிஜன் இறங்கிய ரத்தம், அவ்வளவுதான். இறங்கிய ரத்தத்திலும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடலைச் சுற்றி வந்த ரத்தத்தில்கூட ஏறிய ஆக்சிஜனில் ஏறத்தாழ முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், கலந்த ரத்தம் என்றதும் வரும் பாதி பயம் போய்விடும்.

மீனில் தொடங்குவோம். மீன் கழுவும்போது செவுளுக்குச் சற்றுப் பின்னால், தொண்டைக்கு அடியில் பார்த்தால் இதயம் இருக்கும். செவுளுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. மீனின் இதயம் ரத்தத்தை நேராகச் செவுளுக்குத்தான் அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏறியதும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் அப்படியே உடல் முழுக்கப் போய், சுற்றி முடித்துத்தான் வந்து சேர்கிறது. ஒரு சுற்று, ஒரே ஒரு தள்ளல். செவுளின் நுண்ணிய குழாய்களைக் கடக்கும்போதே அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு வால் வரை போக வேண்டும். நீரில் மிதக்கும் உடம்புக்குப் புவியீர்ப்பு பெரிய சுமையில்லை. பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பமும் நீரின் வெப்பமேதான். அதனால் இது போதுமானதாக இருக்கிறது.

இரண்டறை என்ற எண்ணிக்கையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மீனின் இதயத்தை வரிசையாகப் பார்த்தால் நான்கு பகுதிகள் தெரியும்: சிரைகள் வந்து கொட்டும் சைனஸ் வெனோசஸ் என்ற பை, மேலறை, கீழறை, அதற்கு முன்னால் ஒரு குமிழ் அல்லது கூம்பு. சுறாவில் அது வால்வு வரிசைகள் கொண்ட, சுருங்கக்கூடிய கூம்பு. கெண்டை, விரால் போன்ற எலும்பு மீன்களில் அது மீள்தன்மையுள்ள குமிழ். கீழறை தள்ளும் ரத்தத்தை வாங்கி விரிந்து, பிறகு மெதுவாக விட்டு, மெல்லிய செவுள்கள் அதிர்ச்சியில் அடிபடாமல் பார்த்துக்கொள்கிறது. இவற்றில் நடுவில் உள்ள இரண்டை மட்டும் அறை என்று எண்ணுவது நாம் வைத்துக்கொண்ட வழக்கம்.

சைனஸ் வெனோசஸ் நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பையாக இல்லை. துடிப்பு பிறக்கும் இடம் அதுதான். 1852-இல் ஸ்டானியஸ் என்ற ஜெர்மானியர் தவளை இதயத்தில் அந்தப் பைக்கும் மேலறைக்கும் நடுவே நூலால் இறுக்கிக் கட்டினார். பை துடித்துக்கொண்டே இருந்தது, மற்ற அறைகள் நின்றுவிட்டன. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் பாலூட்டிகளின் வலது மேலறைச் சுவரில் அதற்கு இணையான சிறு திசுத் திட்டைக் கண்டு எழுதினார்கள். ஃபிளாக் அதை முதலில் பார்த்தது மோல் என்ற, மண்ணைத் தோண்டி வாழும் சிறு விலங்கின் இதயத்தில். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் பலர் உங்கள் உறவிலும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கருவி செய்வது மீனின் சிரைப்பை செய்துவந்த வேலையைத்தான்.

மீன் இதயத்தைக் கீழ்ப்படி என்று சொல்பவர்கள் சூரை மீனைப் பார்க்க வேண்டும். அறை இரண்டுதான். ஆனால் கீழறைச் சுவர் தடித்து இறுகியது, அதற்கென்று தனி ரத்தக் குழாய்கள் உண்டு, அது உண்டாக்கும் அழுத்தம் பாலூட்டிகளின் அழுத்தத்தை நெருங்குகிறது. மூன்றறைத் தவளையின் இதயத்தால் அதில் பாதியைக்கூட எட்ட முடியாது. மறுகோடியில் அண்டார்டிகாவின் பனிமீன் இருக்கிறது. அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லை, ரத்தம் நிறமற்றது. 1954-இல் யோஹான் ரூத் இதை விளக்கி எழுதினார். குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மட்டுமே வைத்துப் பிழைப்பதால் அதற்கு ஏராளமான ரத்தத்தைத் தள்ள வேண்டும். உடல் அளவுக்கு மிகப் பெரிய இதயம் அதற்கு.

இப்போது நம்மூர் விராலுக்கு வருகிறேன், ஏனென்றால் கதை திரும்பும் இடம் இதுதான். விரால் காற்றை விழுங்கும் மீன். குளத்தில் மேலே வரவிடாமல் வலையால் தடுத்துவிட்டால், நீருக்குள் இருந்தபடியே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பனையேறிக் கெண்டையும் காற்றைத் தேடும் இனம்தான். இவற்றின் தலைக்குள், செவுளுக்கு மேலே காற்றறை இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தனிக் குழாயில் இதயத்துக்கு வருவதில்லை. உடலிலிருந்து திரும்பும் சிரை ரத்தத்தோடு கலந்து, அதே இரண்டறை இதயத்துக்குள் நுழைகிறது. கலப்பு என்றால் கெட்டது என்று படித்த நமக்கு இது குளறுபடியாகத் தோன்றும். இதயத்தின் பக்கம் நின்று பாருங்கள். மீன் இதயத்தின் உட்சுவர் பஞ்சு மாதிரி. பல மீன்களில் அதற்கென்று தனி ரத்தக் குழாய் கிடையாது, தன் வழியே ஓடும் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ரத்தமோ உடல் முழுக்கச் சுற்றி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வரும் கடைசிப் பந்தி. காற்றறையிலிருந்து வரும் ரத்தம் கலந்தால் இதயத்துக்கே சோறு கிடைத்த மாதிரி. நுரையீரல் தோன்றிய ஆரம்ப காலத்தில் அதன் பயனே இதயத்துக்கு ஆக்சிஜன் தருவதாக இருந்திருக்கலாம் என்று காலீன் ஃபார்மர் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1990-களில் எழுதினார். எனக்கு இந்தக் கருத்தில் மிகுந்த ஈடுபாடு உண்டு.

ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் வாழும் நுரையீரல் மீன்களில்தான் நடுவே தடுப்பு எழத் தொடங்குகிறது. மேலறையிலும் கீழறையிலும் பாதித் தடுப்பு. வெளியேறும் கூம்புக்குள் திருகு மடிப்பு. அடுத்தது தவளை.

நான் கல்லூரியில் படித்தபோது தவளை, ஓணான், பால்சுறா எல்லாவற்றையும் மெழுகுத் தட்டில் வைத்து அறுப்போம். இப்போது அந்தப் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது, நின்றது நல்லதே. ஆனால் மயக்கிய தவளையின் மார்பைத் திறந்ததும் முதலில் கண்ணில்பட்ட காட்சி இன்னும் மறக்கவில்லை: பை சுருங்கும், பிறகு இரண்டு மேலறைகளும், பிறகு கீழறை வெளுத்துச் சிறுத்துப் பின் சிவந்து விரியும். அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரியும். வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றிவருகிறது என்பதை 1628-இல் நிறுவியதற்கு இந்த நிதானம் உதவியது. நாய் போன்ற விலங்குகளின் இதயம் வேகமாகத் துடித்ததால் எது முன், எது பின் என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. தவளை, பாம்பு, சிறு மீன்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே தெளிவு வந்தது. தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் பார்க்கவில்லை. 1661-இல் மால்பீகி அவற்றைக் கண்டது தவளையின் நுரையீரலில். இப்படி நம் இதயத்தைப் பற்றி நாம் கற்றதில் பாதி, தவளை சொல்லிக்கொடுத்தது.

தவளைக்கு மேலறை இரண்டு, கீழறை ஒன்று. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இடது மேலறைக்கும் உடலிலிருந்து வருவது வலது மேலறைக்கும் போகிறது. இரண்டும் ஒரே கீழறைக்குள் இறங்குகின்றன. ஆனால் அந்தக் கீழறை வெறும் பானை இல்லை. உட்சுவரிலிருந்து தசை இழைகள் கிளைகிளையாக நீண்டு, பஞ்சின் துளைகள்போல் இடுக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. இரண்டு பக்கத்து ரத்தமும் அந்த இடுக்குகளில் பெருமளவு தனித்தனியாகவே தங்குகின்றன. வெளியேறும் கூம்புக்குள் இருக்கும் திருகு மடிப்பு, ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தில் பெரும்பகுதியைத் தலைக்கும் உடலுக்கும், இறங்கியதில் பெரும்பகுதியை நுரையீரலுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. கலப்பு இருக்கிறது, புத்தகப் படத்தில் காட்டுகிற அளவுக்கு இல்லை.

“தோலுக்கும்” என்று சொன்னேன் பாருங்கள், சூட்சுமம் அங்கேதான். தவளை நுரையீரலால் மட்டும் மூச்சு விடுவதில்லை. ஈரமான தோலும் அதற்கு மூச்சுறுப்பு. நுரையீரலுக்குப் போகும் அதே தமனியிலிருந்து தோலுக்கும் ஒரு கிளை பிரிகிறது. தோலில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் உடலின் பொதுச் சிரைகள் வழியே வலது மேலறைக்கு வந்து சேர்கிறது. ஆக, நம்மில் எப்போதும் ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் வரும் வலது பக்கத்துக்குத் தவளையில் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் வருகிறது. இப்போது தவளை குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது என்று வையுங்கள். நுரையீரலில் புதுக் காற்று இல்லை. தோல் மட்டும் வேலை செய்கிறது. இந்த நேரத்தில் தவளைக்கு நம்மைப்போல் கீழறையின் நடுவில் கெட்டியான சுவர் இருந்தால் என்ன ஆகும்? உடலுக்குப் போக வேண்டிய ஒவ்வொரு சொட்டும் முதலில் காற்றில்லாத நுரையீரலைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். சுவர் இல்லாததால் நுரையீரலுக்குப் போகும் குழாய்களை நெருக்கிவிட்டு, தோலிலிருந்து வரும் ரத்தத்தை நேராக உடலுக்கு அனுப்ப அதனால் முடிகிறது. நுரையீரலும் தோலும் மாறி மாறி வேலை பார்க்கும் ஓர் உயிருக்கு, திறந்த கீழறைதான் பொருத்தமான கீழறை.

இன்னொரு சான்று, தவளைக்கு உறவான, வாலுள்ள சலமாண்டர்களில் நுரையீரலே இல்லாத இனங்கள். முழுக்கத் தோலாலும் வாயின் உட்சுவராலும் மூச்சு விடுகின்றன. இவற்றின் முன்னோருக்கு நுரையீரல் இருந்தது, பிறகு இழந்தன. நுரையீரல் போனதும் இடது மேலறை சிறுத்துவிட்டது, மேலறைகளுக்கு நடுவிலிருந்த தடுப்பும் முழுமை இழந்துவிட்டது. ஏணி என்ற கணக்குப்படி இது கீழிறக்கம். அந்த விலங்குக்கோ, தேவையில்லாத சுவரை எடுத்துவிட்ட வீடு.

அடுத்து ஊர்வன. ஓணான், பாம்பு, ஆமை ஆகியவற்றுக்கும் மேலறை இரண்டு, கீழறை ஒன்று என்றுதான் எழுதுகிறோம். கீழறைக்குள் ஒரு தசை மேடு எழுந்து, ஒன்றுக்கொன்று திறந்திருக்கும் மூன்று உள்ளறைகளாக அதைப் பிரிக்கிறது. கீழறை சுருங்கும்போது அந்த மேடு எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும் அளவு இனத்துக்கு இனம் மாறுகிறது. உடும்பிலும் மலைப்பாம்பிலும் நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது: உடலுக்குப் போகும் பக்கத்தில் அழுத்தம் அதிகம், நுரையீரலுக்குப் போகும் பக்கத்தில் குறைவு. படத்தில் மூன்றறை, வேலையில் நான்கறை. உடும்பு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அழுத்தம் ஏன் இரண்டு விதமாக இருக்க வேண்டும்? சுவரின் உண்மையான வேலை இதில்தான் அடங்கியிருக்கிறது. நம் நுரையீரலில் காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஆக்சிஜன் சட்டென்று கடக்கும். அதன்மேல் கைத்தமனியில் அளக்கும் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தைச் செலுத்தினால் ரத்தத்திலுள்ள நீர் கசிந்து நுரையீரலில் நிறைந்துவிடும். அதனால் நம் வலது கீழறை 25 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்கிறது. இடது கீழறை 120. கலப்பைத் தடுப்பது சுவரின் ஒரு வேலை. இந்த இரண்டு அழுத்தங்களைப் பிரித்து வைப்பது அதைவிடப் பெரிய வேலை என்பது என் கருத்து. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று கேள்விப்படுகிறோமே, கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் முதலில் நடப்பது இதுதான்: இடப்பக்கத்து அழுத்தம் ஓட்டை வழியே வலப்பக்கம் பாய்ந்து, நுரையீரலில் ரத்தம் அளவுக்கு மீறி நிறைகிறது. குழந்தை மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கத் திணறுகிறது. தவளைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் உடம்பில் அழுத்தமே எல்லா இடத்திலும் குறைவு. அதனால்தான் ஓட்டையுள்ள குழந்தையின் இதயத்தைத் தவளை இதயம் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துவிடுவேன். ஒன்று நோய், மற்றது நோயில்லாத அமைப்பு.

அந்தச் சுவர் எப்படி எழுகிறது என்பதில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. டிபிஎக்ஸ்5 என்று ஒரு மரபணு. கோழி, எலிக் கருக்களில் அது கீழறையின் இடப்பக்கத்தில் மட்டும் வலுவாக வேலை செய்கிறது. அதன் எல்லையில் சுவர் எழுகிறது. பல்லி இனத்தில் அது கீழறை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறது, சுவர் எழுவதில்லை. ஆமையில் தொடக்கத்தில் சமமாக இருந்து, பிறகு இடப்பக்கம் சற்றே ஒதுங்குகிறது. ஆமைக்கு இருப்பதும் அரைகுறைச் சுவர்தான். 2009-இல் வெளியான ஆய்வு இது. மனிதர்களில் இந்த மரபணு பழுதானால் இதயச் சுவரில் ஓட்டையும் கை எலும்புகளில் குறையும் சேர்ந்து வருகின்றன.

பாம்பு இதயத்தைப் பற்றி இரண்டு செய்திகள். மரமேறும் பாம்புகளுக்கு இதயம் தலைக்குப் பக்கத்தில் இருக்கும், நிமிர்ந்து ஏறும்போது மூளைக்கு ரத்தம் ஏற வேண்டுமே. முழுக்க நீரில் வாழும் பாம்புகளுக்கு அந்தக் கவலை இல்லை, இதயம் உடலின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளியிருக்கும். இன்னொன்று, பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கிய இரண்டு நாளில் அதன் கீழறையின் எடை 40 சதவீதம் கூடியதாக 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு வந்த சில ஆய்வுகளில் அவ்வளவு வளர்ச்சி தென்படவில்லை. ஆனாலும் இரையைச் செரிக்கும் நாட்களில் அந்த இதயம் படும் பாடு பெரிது என்பதில் ஐயமில்லை.

முதலைக்கு வருவோம். மூன்றாவது கேள்விக்கான விடை ஏணிக் கணக்கை முற்றிலும் கவிழ்த்துவிடும். முதலையின் கீழறை நடுவே முழுச் சுவர் இருக்கிறது. நான்கு அறைகள், துளி இடைவெளி இல்லை. ஆனால் பெருந்தமனி இரண்டு: ஒன்று எதிர்பார்த்தபடி இடது கீழறையிலிருந்து கிளம்புகிறது; மற்றது வலது கீழறையிலிருந்து, நுரையீரல் தமனிக்குப் பக்கத்திலேயே கிளம்புகிறது. இரண்டு பெருந்தமனிகளும் இதயத்தைவிட்டு வெளியேறிய உடனே, அவற்றின் பொதுச் சுவரில் ஒரு சிறு துளை இருக்கிறது. இத்தாலியரான பார்த்தோலோமியோ பனீட்சா 1833-இல் விவரித்ததால் பனீட்சா துளை என்று பெயர். நுரையீரல் தமனியின் வாயிலில் பற்சக்கரத்தின் பற்கள்போல் ஒன்றோடொன்று பொருந்தும் கணுக்கள்.

முதலை வழக்கமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, துளை வழியே வரும் உயர் அழுத்த ரத்தம் இரண்டாவது பெருந்தமனியையும் நிரப்பி, அதன் வால்வைத் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. வலப்பக்கத்து ரத்தம் முழுக்க நுரையீரலுக்குப் போகிறது. அந்தப் பற்கள் இறுகிக்கொண்டால் நுரையீரல் பாதை அடைபடும். வலது கீழறையில் அழுத்தம் ஏறும். ரத்தம் இரண்டாவது பெருந்தமனி வழியே உடலுக்குத் திரும்பிவிடும். சுவரையும் வைத்துக்கொண்டு, வேண்டும்போது சுற்றுவழியில் போகவும் ஏற்பாடு செய்துகொண்ட இதயம் இது.

எதற்காக இந்த ஏற்பாடு? நீரில் மூழ்கியிருக்கும்போது காற்றில்லாத நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது வீண் என்பது பழைய விளக்கம். இரண்டாவது பெருந்தமனி பெரும்பாலும் குடல் பகுதிக்குப் போகிறது என்பதைக் கவனித்த ஃபார்மர், 2008-இல் அமெரிக்க அலிகேட்டர் முதலைகளில் சோதித்து வேறொரு விளக்கம் தந்தார்: நுரையீரலைத் தவிர்த்துவரும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், இரைப்பை அதை வைத்து அமிலம் சுரக்கிறது, எலும்போடு விழுங்கிய இரையைச் செரிக்க அந்த அமிலம் உதவுகிறது. இந்த வழியை அடைத்து வளர்த்த இளம் அலிகேட்டர்களின் வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. விவாதம் இன்னும் நடக்கிறது.

எனக்குப் பிடித்தது இதன் பின்னணிக் கதை. முதலைகளின் நெருங்கிய உறவு ஓணானோ பாம்போ இல்லை, பறவைகள்தான். டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்தில் வாழ்ந்த முதலை வழி முன்னோர்கள் பலர் நிமிர்ந்த கால்களோடு நிலத்தில் ஓடித் திரிந்தவர்கள். நான்கறை இதயம் அந்தச் சுறுசுறுப்பான முன்னோர்களிடமே வந்துவிட்டது, பிறகு நீரில் பதுங்கி வாழத் தொடங்கியபோது சுற்றுவழி கூடுதலாகச் சேர்ந்தது என்று ரோஜர் சீமோரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004-இல் வாதிட்டார்கள். அது சரியென்றால், முதலை ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் விலங்கில்லை. மேல்படி என்று நாம் நினைக்கும் இடத்துக்குப் போய்வந்து தன் தேவைக்குத் திருத்திக்கொண்ட விலங்கு. பாலூட்டிகளின் வழியும் பறவை–முதலைகளின் வழியும் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. இரண்டு வழிகளிலும் நான்கறை தனித்தனியாகத் தோன்றியது.

அது தனித்தனியாகத் தோன்றியதற்கு அடையாளம் வேண்டுமா? பெருந்தமனி எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். கருவில் எல்லா முதுகெலும்பிகளுக்கும் செவுள் வளைவுகள்போல் இருபுறமும் சோடி சோடியாகத் தமனி வளைவுகள் தோன்றும். தவளையும் ஓணானும் நான்காம் சோடியில் இரண்டையும் வைத்துக்கொண்டன. பறவை வலதை வைத்துக்கொண்டது. நாம் இடதை வைத்துக்கொண்டோம்.

பறவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் பறவையின் இதயம் பெரியது, ரத்த அழுத்தமும் பொதுவாக அதிகம். பறக்கும் ஓசனிச்சிட்டின் (ஹம்மிங்பேர்ட்) இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும். வலப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே நமக்கு நாண்கள் கட்டிய மெல்லிய இதழ்கள் உண்டு. பறவைக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு தசை மடல். குளிர்காலத்தில் திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து, இமயத்தை 7,000 மீட்டருக்கும் மேலே கடந்ததாகப் பதிவுகள் உண்டு. மற்ற வாத்துகளைவிட அதன் இடது கீழறைத் தசையில் நுண்குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன.

பாலூட்டிகளில் எல்லோருக்கும் நான்கறைதான், ஆனாலும் அதற்குள் எத்தனை வேறுபாடு! ஒட்டகச்சிவிங்கியின் இதயத்திலிருந்து தலை இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உயர ரத்தத்தைத் தாங்க ஏறத்தாழ 77 மி.மீ. அழுத்தம் வேண்டும். இரண்டு மீட்டருக்கு 154. அதற்கு மேல் மூளைக்குள் ஓடவும் அழுத்தம் வேண்டும். அதனால் இதயத்தருகே அதன் சராசரி அழுத்தம் 200-ஐ ஒட்டி இருக்கிறது, நம்மைப்போல் இரு மடங்கு. அதற்காக அதன் இதயம் பூதாகாரமானது என்று நினைக்க வேண்டாம். உடல் எடையில் பங்கு நம்முடையதைப் போலத்தான்; இடது கீழறைச் சுவர்தான் மிகத் தடித்தது. நீலத்திமிங்கிலத்தின் துடிப்பை 2019-இல் முதன்முறையாக அளந்தார்கள்: மூழ்கும்போது நிமிடத்துக்கு இரண்டு வரை இறங்கியது, மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை ஏறியது. யானையின் இதயம் கீழே ஒற்றைக் கூர்முனையாக முடியாமல் இரண்டு முனைகளாகப் பிளந்திருக்கும். இந்தப் பிளவு பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கும், அதாவது கடல்பசுவுக்கும் உண்டு. யானையும் கடல்பசுவும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த உறவினர் என்பதை எலும்பும் மரபணுவும் சொல்கின்றன. இதயமும் அதற்குச் சாட்சி சொல்கிறது.

நான்கறை இதயம் கொண்ட நாம் இழந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தால், இரண்டு மாதத்தில் அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது என்று 2002-இல் கண்டார்கள். பிறந்த ஒரு நாளான எலிக்குஞ்சின் இதயமும் அப்படி வளர்கிறது. ஏழாம் நாளில் அந்தத் திறன் போய்விடுகிறது என்று 2011-இல் தெரிந்தது. மாரடைப்பில் செத்துப்போன நம் இதயத் தசை வடுவாகவே நின்றுவிடுகிறது. கீழ்ப்படி என்று நாம் தள்ளிவைத்த மீனிடம்தான் இதய மருத்துவம் இன்று பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் மகள் இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ஆய்வுக்கூடம் தேவையில்லை. கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று கேளுங்கள். மேலே உள்ள குழாய்களை வெட்டிவிடாமல் சற்று நீளமாக விட்டுத் தரச் சொல்லுங்கள். கழுவிவிட்டு, குறுக்கே ஒரு வெட்டு. இடது கீழறைச் சுவர் வலதைவிட மூன்று மடங்கு போலத் தடித்திருப்பது தெரியும்: 120-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாட்டைத் தசையாகத் தொட்டுப் பார்க்கலாம். மேலறைகளின் நடுச்சுவரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரிடம் மட்டும் மெல்லியதாக ஒளி விடும். ஆடு தாயின் வயிற்றில் இருந்தபோது அங்கே திறப்பு இருந்தது. கருவுக்கு நுரையீரல் வேலை செய்யவில்லை, நீருக்கடியில் உட்கார்ந்திருக்கும் தவளையைப் போல; அதனால் ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துவிட்டு அந்தத் திறப்பு வழியே போனது. மனிதர்களில் நான்கில் ஒருவருக்கு இது பிறந்த பிறகும் முழுதாக ஒட்டிக்கொள்வதில்லை. பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

கடைசியாக, பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் உரசிக்கொண்டு போகும் இடத்தில் கொழுப்பை விரலால் மெதுவாக விலக்குங்கள். இரண்டையும் இணைத்து ஒரு வெள்ளை நாண், துவரம்பருப்பு நீளமோ கொஞ்சம் கூடுதலோ இருக்கும். குட்டி பிறக்கும்வரை அது திறந்த குழாய், கருவில் தோன்றிய தமனி வளைவுகளில் ஆறாம் வளைவின் மிச்சம். முதல் மூச்சுக்குப் பிறகு சில நாட்களில் மூடி, நாணாக இறுகிவிட்டது. நுரையீரல் மீனில் அந்தக் குழாய் வாழ்நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.